ஜூனா, பிப்ரவரியா? டெல்லியிலிருந்து ஆண்டிஸ் திருவிழாக்களுக்குத் திட்டமிடும் முறை

பெரு, பொலிவியா என்றதும் பெரும்பாலோர் முதலில் செய்வது மச்சு பிச்சு டிக்கெட் தேடுவது. அது கிடைத்த தேதிக்கு விமானம் பிடிப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு, "அந்த வாரம் ஏதாவது திருவிழா இருக்கிறதா?" என்று பார்ப்பார்கள். இந்த வரிசையில் போனால் திருவிழா நாலு நாள் தள்ளியோ, ஒரு வாரம் முன்போ போயிருக்கும். மச்சு பிச்சு வருடம் முழுக்க இருக்கிறது. இன்காக்களின் சூரியத் திருவிழாவான இன்டி ராய்மி ஜூன் 24 அன்று மட்டும்தான். எனவே திருவிழா நாளை முதலில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் மற்ற எல்லாவற்றையும் அடுக்க வேண்டும். அப்படி எண்ணும்போது உயரத்துக்கு உடம்பு பழகும் நாட்களும் தாமாகவே கணக்கில் வந்துவிடும்.

இரண்டு பருவம், இரண்டு ஊர்

ஆண்டிஸ் திருவிழாக்கள் ஏறக்குறைய எல்லா மாதமும் உண்டு. ஆனாலும் இங்கிருந்து ஒன்றரை நாள் பறந்து போகிறவர் இரண்டு பருவங்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

ஜூன் மாதம் பெருவின் குஸ்கோ நகருக்கு உரியது. மழையில்லாத காலம், பகலில் நல்ல வெயில், இரவில் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர். கார்பஸ் கிறிஸ்டி என்ற கத்தோலிக்க விழா, இன்டி ராய்மி, புல்லால் பின்னும் கெஷ்வாசாக்கா தொங்குபாலம் எல்லாம் இந்தப் பருவத்தில்தான். டெல்லிப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை என்பதால் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிடத் தோதான மாதம் கிடையாது.

பிப்ரவரி, டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றியுள்ள உயர்சமவெளிக்கு உரியது. பெருவின் புனோவில் கந்தெலாரியா அன்னை விழா, பொலிவியாவின் ஒருரோவில் கார்னிவல். நடனம்தான் உங்களை இழுக்கிறது என்றால் பிப்ரவரி ஜூனை எளிதாக மிஞ்சும். ஆனால் அது மழைக்காலம். மச்சு பிச்சுவுக்கு நான்கு நாள் நடந்துபோகும் இன்கா டிரெயில் பாதையைப் பராமரிப்புக்காகப் பிப்ரவரி முழுவதும் மூடிவிடுவார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சையே எடுக்க முடியாது.

முதல் பயணத்துக்கு ஜூன் நல்லது. வானிலையை நம்பலாம், சாலைகள் திறந்திருக்கும், மச்சு பிச்சுவும் மேகம் மூடாமல் தெரியும்.

தேதியைக் கண்டுபிடிப்பது

இன்டி ராய்மி ஜூன் 24, கந்தெலாரியா பிப்ரவரி 2, பொலிவியாவின் லா பாஸ் நகரின் அலாசிதாஸ் விழா ஜனவரி 24, பாவ்கார்தாம்போ ஊரின் கார்மென் அன்னை விழா ஜூலை 16. இவை நகராத தேதிகள்.

மற்றவை ஈஸ்டரைப் பிடித்துக்கொண்டு நகரும். ஈஸ்டர் ஞாயிறுக்கு 60 நாள் கழித்து வரும் வியாழன் கார்பஸ் கிறிஸ்டி. அதற்கு இரண்டு நாள் முந்தைய செவ்வாய், கொய்யூர் ரித்தி யாத்திரையின் முக்கிய நாள். ஈஸ்டருக்கு 50 நாள் முந்தைய சனிக்கிழமை, ஒருரோ கார்னிவலின் பெரிய ஊர்வலம்.

2027இல் ஈஸ்டர் மார்ச் 28. ஆகவே ஒருரோ ஊர்வலம் பிப்ரவரி 6, கார்பஸ் கிறிஸ்டி மே 27. அந்த வருடம் கார்பஸுக்கும் இன்டி ராய்மிக்கும் நடுவே நான்கு வாரம் இருப்பதால் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்ப்பது கடினம். பிப்ரவரிக்கு அதுவே நல்ல வருடம்: 2ஆம் தேதி செவ்வாய் புனோவில், 6ஆம் தேதி சனி ஒருரோவில்.

2028இல் நிலைமை தலைகீழ். ஈஸ்டர் ஏப்ரல் 16, கார்பஸ் கிறிஸ்டி ஜூன் 15. அதன் எட்டாம் நாள் விழா ஜூன் 22, இன்டி ராய்மி ஜூன் 24 சனிக்கிழமை. ஒரே வாரத்தில் இரண்டும் கிடைக்கும் வருடங்கள் குறைவு. முடிந்தவர்கள் 2028க்கே காத்திருக்கலாம்.

கார்பஸ் கிறிஸ்டிக்காக ஏன் இத்தனை கணக்கு? குஸ்கோவின் பல்வேறு கோயில்களிலிருந்து 15 புனிதர்களும் அன்னையரும் தோளில் ஏறி நகரின் பெரிய தேவாலயத்துக்கு வந்து சேருவார்கள். திருநாங்கூரில் பதினொரு பெருமாள்களும் கருடசேவைக்குக் கூடுவதைப் பார்த்தவருக்கு அந்தச் சதுக்கத்தில் நிற்கும்போது எதையும் விளக்க வேண்டியிருக்காது. ஸ்பானியர் வருவதற்கு முன் இன்கா அரசர்களின் பதப்படுத்திய உடல்கள் இதே சதுக்கத்தில் ஊர்வலமாக வந்தன. எட்டாம் நாள் அன்று புனிதர்கள் அவரவர் கோயிலுக்குத் திரும்புவார்கள். முதல் நாளைத் தவறவிட்டவர்கள் அதைப் பார்க்கலாம்.

கொய்யூர் ரித்தியை முதல் பயணத்தில் சேர்க்க வேண்டாம். மாவாயானி என்ற ஊரிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் ஏறி, 4,600 மீட்டருக்கும் மேலே சினாகாரா பள்ளத்தாக்கில் உறைபனிக் குளிரில் கூடாரத்தில் தங்கும் யாத்திரை அது. 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு வெளிநாட்டுக் கூட்டம் வருகிறது. மூன்று நாள் முன்பு டெல்லியில் இருந்த உடம்புக்கு அந்த உயரம் தாங்காது.

விசா: எங்கே சிக்குகிறது

இந்தியக் கடவுச்சீட்டுக்குப் பெரு விசா தேவை. ஒரு விலக்கு உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் விசா குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக உங்களிடம் இருந்தால், அல்லது அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருந்தால், பெரு விசா இல்லாமலே நுழையலாம். அமெரிக்காவின் பத்தாண்டு விசா வைத்திருப்பவர்களுக்கு இதில் பிரச்சினை வராது. ஷெங்கன்காரர்கள்தான் ஏமாறுகிறார்கள். முதல்முறை கிடைக்கும் ஷெங்கன் விசா பெரும்பாலும் சில வாரங்களுக்கு மட்டுமே. அதை நம்பி விமானமேறப் போனால் டெல்லி கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

விலக்கு இல்லாதவர்கள் டெல்லியில் உள்ள பெரு தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வங்கி அறிக்கை, வருமான வரித் தாக்கல், வேலைக் கடிதம், தங்குமிட முன்பதிவு, திரும்பி வரும் டிக்கெட் எல்லாவற்றையும் ஒரே தேதி வரிசையில் அடுக்கிக் கொடுங்கள். பயணத்திட்டத்தில் ஒரு தேதியும் விடுதி முன்பதிவில் வேறொரு தேதியும் இருந்தால் கேள்வி வரும். இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

பொலிவியாவுக்கும் போவதாக இருந்தால் இரண்டு விஷயம். பொலிவிய விசாவையும் டெல்லியிலேயே வாங்கிவிடுங்கள். எல்லையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். புனோ வழியாக பொலிவியா போய் மறுபடி பெரு தலைநகர் லிமாவுக்கு வந்து ஊர் திரும்பும் திட்டமென்றால், பெரு விசா பலமுறை நுழைய அனுமதிக்கும் வகையாக இருக்க வேண்டும். ஒருமுறை நுழையும் விசாவோடு எல்லை தாண்டியவர் லா பாஸிலிருந்தே ஊர் திரும்ப வேண்டியதுதான்.

விமானத்தில் டெல்லி–லிமா நேர்வழி இல்லை. ஆம்ஸ்டர்டாம், பாரிஸ் வழியாகப் போனால் ஒரு மாற்றத்தில் முடியும். துபாய், தோஹா, அடிஸ் அபாபா வழியாகப் போனால் சாவோ பாலோவில் இறங்கி இன்னொரு விமானம். ஐரோப்பிய வழியில் ஒரு சிக்கல் உண்டு: சில ஷெங்கன் நாடுகள் விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் இந்தியக் கடவுச்சீட்டுக்கு டிரான்சிட் விசா கேட்கும், சில நாடுகள் கேட்காது. டிக்கெட் போடும் முன் மாறும் நாட்டின் தூதரகப் பக்கத்தைப் பாருங்கள். அமெரிக்கா வழி என்றால் அமெரிக்க விசா இல்லாமல் மாறவே முடியாது.

பெயர் விஷயம்

தமிழர்களுக்கென்றே உள்ள தலைவலி இது. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே போயிருக்கும், அல்லது இனிஷியல் விரிந்திருக்கும். மச்சு பிச்சு டிக்கெட், ரயில் டிக்கெட், இன்கா டிரெயில் அனுமதி மூன்றிலும் கடவுச்சீட்டு எண்ணும் பெயரும் அச்சாகும். வாயிலில் அசல் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஸ்பானியப் படிவங்களில் குடும்பப்பெயர் கட்டாயம். அந்தக் கட்டத்தில் இனிஷியலை மட்டும் போடாதீர்கள். குடும்பப்பெயர் காலியாக உள்ளவர்கள் இருக்கும் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடுவது வழக்கம். விமான டிக்கெட்டில் எப்படிப் போட்டீர்களோ அதே வடிவத்தை எல்லா முன்பதிவிலும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். கடவுச்சீட்டு புதுப்பிக்க வேண்டியிருந்தால் டிக்கெட்டுகளுக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். எண் மாறினால் எல்லாம் மாறும்.

மஞ்சள் அட்டை

குஸ்கோவிலோ மச்சு பிச்சுவிலோ மஞ்சள் காய்ச்சல் பரவுவதில்லை. அப்படியும் தடுப்பூசி கட்டாயம். காரணம் இந்திய விதி. பெரு, பொலிவியா, பிரேசில் மூன்றும் மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் உள்ளன. அங்கிருந்து ஆறு நாளுக்குள் இந்தியா வந்து இறங்குபவரிடம் தடுப்பூசிச் சான்றிதழான மஞ்சள் அட்டை இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. டெல்லியில் மந்திர் மார்கில் உள்ள சர்வதேசத் தடுப்பூசி மையம், ராம் மனோகர் லோஹியா மருத்துவமனை ஆகியவை அங்கீகாரம் பெற்றவை. எல்லா நாளும் போட மாட்டார்கள். நாளையும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு போங்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அம்மா, அப்பாவை அழைத்துப் போகும் குடும்பங்கள் இதைக் கடைசி வாரத்துக்கு விட்டுவிட்டுத் தவிப்பது வாடிக்கை.

உயரம்

குஸ்கோ 3,400 மீட்டர். லே 3,500. லடாக் போய் வந்த டெல்லிக்காரர்களுக்கு அந்தத் தலைவலி தெரிந்த ஒன்றுதான். ஒருமுறை லேயில் ஒன்றும் ஆகவில்லை என்பதால் இங்கும் ஆகாது என்று அர்த்தமில்லை. உயரநோய் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தாக்கும். வயது, உடற்பயிற்சி எதுவும் காப்பாற்றாது.

எண்களை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்: ஒயாந்தாய்தாம்போ 2,800 மீட்டர், மச்சு பிச்சு 2,430, புனோ 3,830, ஒருரோ 3,700, உயுனி 3,650. லா பாஸின் விமான நிலையம் 4,060 மீட்டரில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து நேராக அங்கே போய் இறங்குவதுதான் இருப்பதிலேயே மோசமான தொடக்கம். மச்சு பிச்சு குஸ்கோவைவிட ஆயிரம் மீட்டர் தாழ்வு என்பதுதான் திட்டத்துக்கு உதவும் செய்தி. குஸ்கோவில் இறங்கிய அன்றே காரில் ஒயாந்தாய்தாம்போ இருக்கும் புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். இரண்டு மணி நேரத்தில் 600 மீட்டர் தாழ்வாகப் போய்விடலாம். முதல் மூன்று இரவு அங்கேயும் மச்சு பிச்சு அடிவார ஊரான ஆகுவாஸ் கலியெந்தெஸிலும் தங்கிவிட்டுக் குஸ்கோவுக்கு ஏறினால் திருவிழா நாளில் தலை தெளிவாக இருக்கும்.

டயாமாக்ஸ் மாத்திரையை ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி 125 மில்லிகிராம் வீதம் காலை, இரவு எடுப்பது பரவலான முறை. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். அது மாத்திரையின் குணம். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ மாத்திரையை நம்பி உட்காராமல் உடனே கீழே இறங்க வேண்டும். முதல் இரண்டு நாள் மது வேண்டாம், இரவுச் சாப்பாடு பாதி வயிறு.

ஐயாயிரம் மீட்டரைத் தாண்டும் வினிகுங்கா வானவில் மலையை முதல் வாரத்தில் வைக்காதீர்கள். படத்தில் அழகாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் அங்கே குதிரைமேல் சாய்ந்தபடி திரும்புகிறவர்களில் பாதிப்பேர் இரண்டு நாள் முன்பு குஸ்கோவில் இறங்கியவர்கள்.

ஜூன் 24லிருந்து பின்னோக்கி

15ஆம் தேதி இரவு டெல்லியில் புறப்பட்டால் 16ஆம் தேதி மாலை லிமா. பெரு நேரம் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்தங்கியது. முழு ஒரு நாள், அதாவது 17ஆம் தேதி, லிமாவில் தூக்கத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். லார்கோ அருங்காட்சியகம் போனால் இன்காக்களுக்கு முந்தைய மோச்சே மண்பாண்டங்களைப் பார்த்துவிடலாம். அதற்குமேல் அன்று ஒன்றும் வேண்டாம். ஜூனில் லிமா முழுக்கச் சாம்பல் வானம்தான்.

18: காலை விமானத்தில் குஸ்கோ. மதியத்துக்குப் பிறகான விமானங்கள் வானிலையால் ரத்தாக வாய்ப்பு அதிகம். அப்படியே காரில் ஒயாந்தாய்தாம்போ.

19: மொராய் வட்டப் படிக்கட்டுகள், மாராஸ் உப்புப் பாத்திகள். மாராஸுக்குத் தனிக் கட்டணம். மொராய், பிசாக், ஒயாந்தாய்தாம்போ, சக்சைவாமன் எல்லாம் 10 நாள் செல்லும் பொலேத்தோ துரிஸ்தீக்கோ என்ற சுற்றுலாச் சீட்டில் அடங்கும். வெளிநாட்டவருக்கு முழுச் சீட்டு 130 சோல் (பெரு நாணயம்).

20: மதிய ரயிலில் ஆகுவாஸ் கலியெந்தெஸ். ஒன்றே முக்கால் மணி நேரம். பெரிய பெட்டியை ஏற்ற மாட்டார்கள், அதை ஒயாந்தாய்தாம்போ விடுதியிலேயே விட்டுவிட்டுச் சிறு பையோடு போங்கள்.

21: காலை மச்சு பிச்சு. தென்கோளத்தின் குளிர்காலக் கதிர்த்திருப்பத்தை, அதாவது வருடத்தின் மிகக் குறுகிய பகலை, ஒட்டிய நாள் என்பதால் சூரியன் கோயிலின் சன்னல் வழியே ஒளி நேராகப் பாறையில் விழும் காலைப்பொழுது இதுதான். அதற்கேற்ப கூட்டமும். மாலை ரயிலும் வண்டியுமாகக் குஸ்கோ.

22: குஸ்கோவில் ஓய்வு. 2028இல் போகிறவர்களுக்குக் கார்பஸ் எட்டாம் நாள்.

23: இன்காக்களின் பெரிய சூரியக் கோயில் இருந்த கோரிகாஞ்சா, சான் பெத்ரோ சந்தை. இரவு சதுக்கம் முழுக்க ஆட்டம். சீக்கிரம் தூங்க நினைப்பவர்கள் விடுதியைச் சதுக்கத்திலிருந்து நாலு தெரு தள்ளிப் பிடியுங்கள்.

24: இன்டி ராய்மி.

25: காலி நாள். இதைத் தொடாதீர்கள். பெருவில் வேலைநிறுத்தம் என்றால் ரயிலும் சாலையும் சேர்ந்தே நிற்கும். 20, 21இல் அப்படி ஏதாவது தடங்கல் வந்தால் மச்சு பிச்சுவைத் தள்ளிவைக்க இந்த நாளும் அடுத்த நாளும்தான் கைகொடுக்கும்.

இதற்குமேல் நாள் இருந்தால் 26ஆம் தேதி ஏழு மணி நேரப் பேருந்தில் புனோ, அங்கிருந்து டிட்டிகாக்காவின் தாகீலே தீவு, பிறகு லா பாஸ், உயுனி. ஜூன், ஜூலையில் உயுனி உப்புவெளி வறண்டு அறுகோணத் தட்டுகளாக இருக்கும். இணையத்தில் சுற்றும் கண்ணாடிப் பிரதிபலிப்புப் படங்கள் மழைக்காலத்தவை. கண்ணாடிக்காகவே போகிறவர் ஜூனில் போனால் ஏமாற்றம்தான்.

மச்சு பிச்சு டிக்கெட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். 2024 ஜூனிலிருந்து மூன்று சுற்றுகள், அவற்றுக்குள் தனித்தனி வழிகள் என்று பிரித்திருக்கிறார்கள். ஒரு சுற்றுக்குள் நுழைந்தவர் இன்னொன்றுக்கு மாற முடியாது. எல்லோரும் மனதில் வைத்திருக்கும் அந்தப் படம் சுற்று 1இலும் 2இலும் கிடைக்கும். பழைய நகருக்குள் இறங்கி நடக்க வேண்டுமென்றால் சுற்று 2. வைனா பிச்சு மலை ஏறுவது சுற்று 3இல் வருகிறது. அதில் மேல்தளத்திலிருந்து எடுக்கும் அந்தப் படம் கிடையாது. மலையேற்றம் சேராத சீட்டுக்கு 152 சோல் கட்டணம். கலாச்சார அமைச்சகத்தின் தளத்தில் மட்டும் வாங்குங்கள். ஜூன் தேதிகளுக்குச் சுற்று 2 மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். தவறினால், ஆகுவாஸ் கலியெந்தெஸ் ஊரில் மறுநாளுக்கென நேரில் தினமும் கொஞ்சம் விற்பார்கள். அதற்கு வரிசையில் நிற்க ஒரு முழு நாள் கூடுதலாக வேண்டும். பணம் செலுத்தும்போது இந்திய அட்டை மறுக்கப்படுவது சகஜம். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவையுங்கள், இரண்டாவது அட்டையையும் தயாராக வைத்திருங்கள். இன்கா டிரெயில் நடப்பதென்றால் நாளொன்றுக்கு 500 பேருக்குத்தான் அனுமதி, அதில் சுமைதூக்குவோரும் வழிகாட்டிகளும் அடக்கம்.

இன்டி ராய்மி நாள்

இன்று நாம் பார்ப்பது 1944இல் மீட்டெடுத்து அரங்கேற்றிய வடிவம். இன்கா வம்சத்து எழுத்தாளர் இன்கா கார்சிலாசோ எழுதிவைத்த குறிப்புகளை ஆதாரமாகக் கொண்டு இன்காக்களின் கெச்சுவா மொழியில் நடக்கும் பெரிய நாடகம். லாமா என்னும் ஒட்டக இன விலங்கைப் பலியிடுவதும் நடிப்புத்தான். "உண்மையான சடங்கு இல்லையா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் நூற்றுக்கணக்கான உள்ளூர்க்காரர்கள் நடிக்க, ஊரே திரண்டு பார்க்கும் விழா அது. சுற்றுலாவுக்காக மட்டும் ஆடுவது என்று ஒதுக்கிவிட முடியாது.

மூன்று இடங்களில் நடக்கும். காலை ஒன்பது மணி வாக்கில் கோரிகாஞ்சா புல்வெளியில் தொடங்கும். பிறகு பெரிய சதுக்கம். மதியத்துக்கு மேல் நகருக்கு மேலே சக்சைவாமன் கோட்டை வெளியில் முக்கியப் பகுதி. முதல் இரண்டும் இலவசம். மூன்றாவதுக்கு இருக்கைச் சீட்டு. நூறு டாலரைத் தாண்டும். குஸ்கோ நகராட்சியின் எமுஃபெக் நிறுவனம்தான் நடத்துகிறது, சீட்டை அவர்களிடமோ அவர்கள் அங்கீகரித்த முகவரிடமோ வாங்குங்கள்.

மூன்றையும் பார்க்க ஆசைப்பட்டு ஓடுவதுதான் வழக்கமான தவறு. கோரிகாஞ்சாவில் நல்ல இடம் வேண்டுமென்றால் ஏழு மணிக்கே நிற்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுச் சதுக்கத்துக்குப் போனால் முதுகுகள்தான் தெரியும். சீட்டு வைத்திருப்பவர்கள் கோரிகாஞ்சாவை மட்டும் பார்த்துவிட்டு, சதுக்கத்தைத் தவிர்த்து நேராக மேலே ஏறிவிடுங்கள். சாலைகளை அடைத்திருப்பார்கள், டாக்சி பாதி தூரம்தான் போகும். மீதி ஏற்றம் அரை மணி நேர நடை. அந்த உயரத்தில் அது சின்ன வேலையில்லை. சீட்டு இல்லாதவர்கள் உள்ளூர்க் குடும்பங்களோடு எதிரே உள்ள மேட்டில் உட்காரலாம். அதற்கு விடிந்ததும் போக வேண்டும். முன்னால் யாராவது எழுந்து நின்றால் பின்னாலிருந்து ஆரஞ்சுத் தோல் பறந்து வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

டெல்லி ஜனவரிக்கு வைத்திருக்கும் தெர்மலும் ஸ்வெட்டரும் குஸ்கோ ஜூனுக்குப் போதும். ஆனால் பகல் வெயில் டெல்லிக் குளிர்காலத்தது போல் இராது. மெல்லிய காற்றில் புறஊதாக்கதிர் நேராக இறங்கும். தொப்பி, எஸ்பிஎஃப் 50, உதட்டுக்குக் களிம்பு மூன்றும் வேண்டும். வெயில் மறைந்த பத்தாவது நிமிடமே நடுங்கத் தொடங்கும் என்பதால் காற்று புகாத மேலுடுப்பைப் பையிலேயே வைத்திருங்கள். பல விடுதிகளில் அறைச் சூடாக்கி கிடையாது, முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

பிப்ரவரிக்காரர்களுக்கு

இந்த வழியில் இறங்கித் தேற்றிக்கொள்ளத் தாழ்வான இடம் கிடைக்காது, எல்லாமே 3,600க்கு மேல். எனவே லிமாவிலிருந்து 2,335 மீட்டரில் உள்ள அரெகிப்பா போய் மூன்று நாள் தங்கி, அங்கிருந்து பேருந்தில் புனோ ஏறுவது பாதுகாப்பானது. பிப்ரவரி 2 அன்று அன்னையின் ஊர்வலம். நடனப் போட்டிகள் அதை ஒட்டிய ஞாயிறுகளில். கிராமத்து நடனங்கள் ஒரு நாள், ஜிகினா உடை நடனங்கள் வேறொரு நாள். பிந்தையது எட்டாம் நாள் பக்கமாக வருவதால் 2027இல் ஒருரோவோடு மோத வாய்ப்புண்டு. ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் ஒருரோவை எடுங்கள்.

லா பாஸிலிருந்து ஒருரோ மூன்றரை, நான்கு மணி நேரச் சாலை. நான்கு கிலோமீட்டர் நீளும் ஊர்வலம் ஏறக்குறைய 20 மணி நேரம் நிற்காமல் போகும். 28,000 ஆட்டக்காரர்கள், 10,000 இசைக்கலைஞர்கள். பிசாசு முகமூடி போட்ட தியாப்லாதா ஆட்டக்காரர்கள் சொகாவோன் அன்னை கோயிலில் முழந்தாளிட்டு முடிப்பார்கள். சாலையோரப் பலகை இருக்கைகளை லா பாஸ் முகவர்கள் பேருந்தோடு சேர்த்து விற்பார்கள். ஊரில் அந்த இரவு அறை கிடைப்பது அரிது, விலையும் பல மடங்கு. அதனால் பலர் விடிகாலை போய் நள்ளிரவுக்கு மேல் திரும்புகிறார்கள். தண்ணீர் பலூனும் நுரையும் எல்லோர் மேலும் விழும். கேமராவுக்கு உறை, உங்களுக்கு மழைக்கோட்டு.

சாப்பாடு

அசைவக்காரர்களுக்குக் கவலையில்லை. கார்பஸ் நாளின் சிரியூச்சு தட்டில் கினிப்பன்றி, கோழி, உப்புக்கண்டம், பாலாடைக்கட்டி, வறுத்த சோளம், கடற்பாசி, மீன் முட்டை எல்லாம் ஆறிய நிலையில் வரும்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்பானியத்தில் "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்றால் மாட்டிறைச்சி வேண்டாம் என்றுதான் பல கடைகளில் எடுத்துக்கொள்வார்கள். தட்டில் கோழி வரும். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" (இறைச்சி, கோழி, மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். கீன்வா சூப்பும் காய்கறி சூப்பும் பெரும்பாலும் எலும்புச் சாற்றில் செய்தவை, கேட்டுவிட்டுக் குடியுங்கள். நம்பிச் சாப்பிடத் தகுந்தவை: பாலாடைக்கட்டியோடு அவித்த பெருமணிச் சோளம், உருளைக்கிழங்கு வகைகள், அவகாடோ, சந்தையில் பழச்சாறு.

ஊரிலிருந்து எடுத்துப் போவதென்றால் அரிசியை விட்டுவிடுங்கள். குஸ்கோவில் தண்ணீர் 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். கெட்டிலில் சோறு வேகாது. அவல், வறுத்த ரவையில் செய்த உடனடி உப்புமாக் கலவை, பருப்புப்பொடி போன்றவை போதும். ஐஎன்ஏ மார்க்கெட்டில் எல்லாம் பொட்டலமாகக் கிடைக்கும். ஆலை முத்திரையுள்ள பொட்டலம்தான் எல்லையில் பேசாமல் போகும். வீட்டில் பொதிந்த பொடியை நிறுத்திக் கேட்பார்கள். உயுனியிலிருந்து சிலியின் அத்தகாமாவுக்குக் கடப்பதாக இருந்தால் பழம், விதை, தேன், பால்பொருள் எதையும் அறிவிக்காமல் கொண்டுபோகாதீர்கள். சிலி சுங்கத்தில் அபராதம் கடுமை. நம் தடிமனான பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும். மின்னழுத்தம் 220 வோல்ட் என்பதால் பெருவில் நம் கெட்டில் ஓடும்.

பணமும் திரும்பலும்

சோலும் பொலிவியானோவும் டெல்லி நாணய மாற்றுக் கடைகளில் கிடைக்காது. டாலராகக் கொண்டுபோய் அங்கே மாற்றுங்கள். கசங்காத, கிழியாத, பேனாக்குறி இல்லாத நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். ஓரத்தில் சிறு கிழிசல் இருந்தாலும் வாங்க மாட்டார்கள். பொலிவியாவில் சாலை மறியல் வழக்கமான போராட்ட முறை. அதனால் லா பாஸிலிருந்து கிளம்பும் சர்வதேச விமானத்துக்கு முந்தைய இரவே அந்த ஊருக்குள் வந்துவிட வேண்டும்.

விடுதி வரவேற்பறையில் கோகா இலைத் தேநீர் இலவசமாக வைத்திருப்பார்கள். பெருவிலும் பொலிவியாவிலும் அது சட்டப்படி சரி, குடிக்கலாம். ஆனால் ஒரு பொட்டலம்கூட ஊருக்குக் கொண்டுவரக் கூடாது. இந்தியப் போதைப்பொருள் தடைச் சட்டத்தில் கோகா இலையும் அடக்கம். துபாய், தோஹா வழியாக வருகிறவர்களுக்கு அங்கேயும் ஆபத்து. கோகா மிட்டாயும் அப்படியே. பையை மூடும் முன் எல்லாப் பக்கமும் ஒருமுறை தடவிப் பாருங்கள், மஞ்சள் அட்டையைப் பெட்டிக்குள் போடாமல் கடவுச்சீட்டோடு கையில் வைத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் குடியேற்ற வரிசைக்கு முன்பே சுகாதார மேசையில் கேட்பார்கள்.